டென்ட் எத்தனை போடலாம்? கிணற்றைக் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கடலோரத்தில் விடுமுறைக் கூடார முகாம் நடத்துகிறவர்களும் தொடங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். பதில்கள் சோழமண்டலக் கரையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மேற்குக் கரையில் மழைக்காலமும் மணலும் வேறு என்பதால் அங்கே அப்படியே பொருத்த வேண்டாம்.

கடலூருக்குத் தெற்கே கடலை ஒட்டி இரண்டு ஏக்கர் பூர்வீக நிலம் இருக்கிறது. முப்பது டென்ட் தாராளமாகப் போடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் அவ்வளவு போட முடியுமா?
– வாசகர், கடலூர் மாவட்டம்

முப்பது டென்டுக்கு இடம் இருக்கும், தண்ணீர் இருக்காது. கடற்கரை மணலுக்கு அடியில் கிடைக்கும் நல்ல தண்ணீர் முழுக்க முழுக்க மழை கொடுத்தது. அது மணலில் இறங்கி, எடை கூடிய உப்புநீரின் மேல் ஓர் அடுக்காக மிதந்துகொண்டிருக்கிறது. மிதக்கிற பொருள் என்பதால் ஒரு சிக்கல் உண்டு: மேலே நீர்மட்டம் ஒரு செ.மீ. இறங்கினால், கீழே உப்புநீர் சுமார் 40 செ.மீ. ஏறி வரும். வேகமாக இழுக்கும் மோட்டார் போட்ட கிணறு இரண்டே கோடையில் உவர்த்துப் போவதற்குக் காரணம் இதுதான். ஆழ்துளைக் கிணறு இன்னும் மோசம். நல்ல தண்ணீர் அடுக்கைத் துளைத்துக்கொண்டு நேராக உப்புக்குள் போய் நிற்கும்.

எனவே ஆழமில்லாத உறைக்கிணறு, அரைக் குதிரைத்திறன் மோட்டார், ஒரே மூச்சில் இறைக்காமல் நாளுக்கு நான்கைந்து தடவையாகக் கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனையை ஜனவரியில் செய்யாதீர்கள். அப்போது எல்லாக் கிணறும் இனிக்கும். மே மாதக் கடைசியில், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால், இறைப்பதற்கு முன் ஒரு தடவையும் இறைத்து முடித்த பின் ஒரு தடவையும் அளந்து எழுதி வையுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மி.கி. வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இறைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு அளவுக்கும் இடையே நாளுக்கு நாள் வித்தியாசம் கூடிக்கொண்டே போனால், தாங்கும் அளவைத் தாண்டி இறைக்கிறீர்கள் என்று பொருள்.

இனி கணக்கு. வாளியில் குளியல், ஊற்றிக் கழுவும் கழிப்பறை என்று வைத்தால் ஒருவருக்குக் குளிக்க 30 லிட்டர், கழிப்பறைக்கு 10, கை கால் கழுவ 8, சமையலுக்கும் பாத்திரத்துக்கும் 15. ஆகச் சுமார் 63 லிட்டர். பன்னிரண்டு டென்டில் 24 விருந்தினர், பணியாளர் 6 பேர் என்றால் நாளுக்கு 1,900 லிட்டர். முப்பது டென்டில் ஷவரும் ஃபிளஷ் தொட்டியும் வைத்தால் ஆளுக்கு 150 லிட்டரைத் தாண்டி, நாளுக்குப் பத்தாயிரத்தில் போய் நிற்கும். இரண்டு ஏக்கர் மணல் அதைக் கோடையில் தராது. குறைகிற தண்ணீரை லாரியில் வாங்கலாம் என்பார்கள். அது வேறோர் ஊரின் கிணற்றை வற்ற வைப்பதுதான்.

எங்கள் பரிந்துரை: பன்னிரண்டில் தொடங்குங்கள். ஒரு கோடை முழுக்கக் கிணற்றின் கணக்கைப் பார்த்துவிட்டு, கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்யுங்கள். சமையல் கொட்டகையின் கூரை 60 சதுர மீட்டர் என்றால், ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை என்று குறைத்து மதிப்பிட்டாலும் 48,000 லிட்டர் வரும். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும் என்பதால் தொட்டியில் பிடித்தது போக மிச்சத்தைக் கிணற்றருகே மணலில் இறக்குங்கள்.

எங்கள் முகாமில் செப்டிக் டேங்கும் உறிஞ்சு குழியும் இருக்கின்றன. கிணறு அதிலிருந்து 12 மீட்டர். டிசம்பரில் தண்ணீர் வாடை அடிக்கிறது, மார்ச்சில் சரியாகிவிடுகிறது. ஏன்?
– வாசகர், வேதாரண்யம்

மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்து உங்கள் உறிஞ்சு குழிக்குள்ளேயே நிற்கிறது. குழியில் விழுவது வடிகட்டப்படாமல் நேராகத் தண்ணீரோடு கலந்து கிணற்றுக்குப் போகிறது. மார்ச்சில் வாடை போய்விடுவதால் கிணறு சரியாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். எச்2எஸ் குப்பி என்று கேட்டால் சோதனைக் குப்பி கிடைக்கும். தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்துக் கறுக்கிறதா என்று பாருங்கள். கறுத்தால் மலக்கலப்பு இருக்கிறது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 15 மீட்டர் என்பது மண் வடிகட்டக்கூடிய இடத்துக்குச் சொன்னது. சுத்த மணலில் 30 மீட்டருக்கு மேல் வையுங்கள், அதுவும் நிலத்தடி நீர் ஓடும் திசையில் கிணறு மேற்புறமாக இருக்கும்படி. கடலோரத்தில் அந்த ஓட்டம் பெரும்பாலும் கடலை நோக்கித்தான் இருக்கும் என்பதால், கிணறு உள்பக்கமும் கழிப்பறை அதற்குக் கடல் பக்கமும் வரும். ஆனால் கட்டுமானத் தடைப் பகுதிக்குள் (நாகப்பட்டினம் வாசகருக்கான பதிலில் விவரம்) கழிப்பறையைத் தள்ளிவிடாதீர்கள்.

இப்போதைக்கு, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கரைத்து ஒரு மணி நேரம் விட்டபிறகு பயன்படுத்துங்கள். திறந்து வைத்து வீரியம் போன பவுடர் உதவாது.

நிரந்தரத் தீர்வு, உறிஞ்சு குழியை மூடுவது. முப்பது பேருக்கு 2.4 மீ. நீளம், 1 மீ. அகலம், 1.3 மீ. நீர் ஆழம் உள்ள தொட்டி போதும். சுமார் 3,000 லிட்டர் கொள்ளும். நடுச்சுவர் போட்டு முதல் அறையை மூன்றில் இரண்டு பங்காக வையுங்கள். வெளியே வரும் நீரை மண்ணுக்குள் விடாமல், அடியில் தடித்த பாலித்தீன் விரிப்பு போட்ட செடிப் படுகைக்குக் கொண்டுபோங்கள் (ஜல்லி நிரப்பிச் செடி நட்ட தொட்டி; அடுத்த பதிலில் விவரம்). பினாயிலையும் ஆசிட்டையும் கொட்டிக் கழிப்பறை கழுவினால் தொட்டியில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். சோப்புத் தூளும் பிரஷ்ஷும் போதும். கசடை மே மாதத்தில் அள்ளச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் காலி செய்தால், குறிப்பாக பிளாஸ்டிக் தொட்டியானால், நிலத்தடி நீர் அதைக் குழாய்களோடு சேர்த்து மேலே தூக்கிவிடும்.

தண்ணீர் மிகக் குறைவான இடங்களுக்கு எக்கோசான் கழிப்பறை நல்ல வழி. திருச்சி மாவட்டம் முசிறியில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. தரைக்கு மேலேயே இரண்டு அறை கட்டுவதால் நீர்மட்டம் உயர்ந்தாலும் கவலையில்லை. சிறுநீருக்கு ஒரு வழி, மலத்துக்கு ஒரு துளை, கழுவும் நீருக்கு ஒரு வழி. ஒவ்வொரு முறையும் ஒரு குவளை சாம்பல் போட வேண்டும். ஓர் அறை நிறைந்ததும் மூடி, ஆறு மாதமாவது, முடிந்தால் ஓர் ஆண்டு விட்டு அள்ளினால் உரம். இது கெடுவது ஒரே ஒரு காரணத்தால்: பழக்கமில்லாதவர் மலத்துளையிலேயே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார். உள்ளே ஈரமானால் நாற்றமும் புழுவும் வந்துவிடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆள் மாறும் முகாமில் விருந்தினர் எல்லோருக்கும் இதை வைப்பதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். பணியாளர் கழிப்பறையில் வையுங்கள், நன்றாக நடக்கும்.

குளியலறைத் தண்ணீருக்குக் கல்வாழைப் படுகை போட்டோம். ஆறே மாதத்தில் மேலே தண்ணீர் தேங்கி நாறுகிறது.
– வாசகர், புதுச்சேரி

ஜல்லி அடைத்துக்கொண்டுவிட்டது. கழுவாமல் கொட்டிய ஜல்லித் தூளோ, கடலில் குளித்தவர்கள் உடம்போடு கொண்டுவரும் மணலோ, சமையலறை எண்ணெயோ, மூன்றில் ஒன்று காரணம். பெரும்பாலும் மணல்தான். கடலிலிருந்து வருகிறவர்கள் குளியலறைக்கு வெளியே, திறந்த மேடையில் காலையும் உடம்பையும் அலசிவிட்டு வரும்படி ஒரு குழாய் வையுங்கள். அதன் கீழே 60 செ.மீ. ஆழத்தில் சின்ன மணல் தொட்டி. வாரம் ஒருமுறை அள்ளிக் கரையிலேயே கொட்டலாம். சமையலறைக் குழாயில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் எண்ணெய்ப் பொறி இல்லாவிட்டால் படுகை எவ்வளவு பெரிதானாலும் வீண். பொறியில் படியும் கொழுப்பை வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கம்போஸ்ட்டில் சேருங்கள்.

படுகையின் அளவுக்கு ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் கணக்கு. நாற்பது பேருக்கு 10 × 4 மீட்டர், ஆழம் 60 செ.மீ., அதில் தண்ணீர் நிற்கும் உயரம் 50 செ.மீ. ஜல்லிக்கு இடையே உள்ள இடைவெளி ஐந்தில் இரண்டு பங்கு என்பதால் உள்ளே சுமார் 8,000 லிட்டர் நிற்கும். நாளுக்கு 2,400 லிட்டர் வந்தால் மூன்று நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தங்கிப் போகிறது, அது போதும். ஜல்லி 20 மி.மீ., உள்ளே வரும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் மட்டும் அரை மீட்டர் அகலத்துக்கு 40 மி.மீ. வெளியேறும் குழாயின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும்படி வளைகுழாய் வையுங்கள். தண்ணீர் எப்போதும் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழேயே நிற்க வேண்டும். மேலே தெரிந்தால் கொசு. கல்வாழையோடு நாணலும் நடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய தண்டை வெட்டி வெளியேற்றாவிட்டால் அதுவே அழுகிப் படுகையை நிரப்பும்.

உங்கள் படுகைக்கு இப்போது வேறு வழியில்லை. நுழையும் பக்கத்தில் முதல் ஒரு மீட்டர் ஜல்லியை அள்ளிக் கழுவித் திரும்பப் போடுங்கள். அடைப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஆமை வரும் பருவத்தில் முகாமை மூட வேண்டுமா? விளக்கை மஞ்சளாக மாற்றினால் போதும் என்கிறார்களே?
– வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

மூட வேண்டாம், இருட்ட வேண்டும். பங்குனி ஆமைகள் நம் கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிட வருகின்றன. முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும் என்பதால் குஞ்சுகள் மே, ஜூன் வரை வெளிவரும். உங்கள் சீசனும் அதே மாதங்கள்தான்.

இரவில் நிலப்பக்கம் இருண்டும் கடல்பக்கம் சற்று வெளிச்சமாகவும் இருப்பது இயற்கை. குஞ்சு வெளிச்சம் அதிகமுள்ள திசையில் ஓடும். முகாமின் விளக்கு அதைவிடப் பளிச்சென்றிருந்தால் அங்கே வந்து, நாய்க்கோ காக்கைக்கோ காலை வெயிலுக்கோ பலியாகும். தாய் ஆமையும் வெளிச்சமான கரையைக் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும்.

கடைகளில் 'வார்ம் ஒயிட்' என்று விற்கும் மஞ்சள் விளக்கிலும் நீல ஒளி கலந்திருக்கிறது, அது போதாது. உண்மையான ஆம்பர் எல்.இ.டி. என்று கேளுங்கள், ஒளியின் அலைநீளம் 560 நானோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், பொதுவாக 590 கிடைக்கும். நிறத்தைவிட முக்கியம் உயரமும் மறைப்பும். பாதை விளக்கு முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம், ஒளி தரையை மட்டும் பார்க்கட்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரவில் தண்ணீர் ஓரத்துக்குப் போய் முகாமைத் திரும்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு பல்ப் நேராகக் கண்ணில் பட்டால், ஆமைக்கும் படும். டென்டின் துணியே உள்விளக்கால் ஒளிரும். கடல் பக்கத்துக்கு இரட்டைத் துணி போடுங்கள். மரங்களில் சுற்றும் சீரியல் விளக்குகள் இந்த மாதங்களில் வேண்டவே வேண்டாம், வாடிக்கையாளர் எவ்வளவு கேட்டாலும்.

மாலையில் நாற்காலி, கயிறு, கயாக் எல்லாவற்றையும் கரையிலிருந்து ஏற்றிவிடுங்கள். பிள்ளைகள் தோண்டிய குழிகளை மூடுங்கள். குஞ்சு விழுந்தால் ஏற முடியாது. கரையில் வண்டி ஓட்டக் கூடாது. மணலில் தீ மூட்டுவதும் கூடாது.

காலையில் ஆமைத் தடம் கண்டால் முட்டையைத் தோண்டி எடுக்க வேண்டாம். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். தவிர, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. கையாள அனுமதி வேண்டும். நாயை அண்டவிடாமல் ஓர் ஆளை நிறுத்திவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். சென்னைப் பக்கக் கரையில் 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவுதோறும் நடந்து முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுசேர்க்கிறார்கள். அந்த நடையில் விருந்தினரைச் சேர்த்துவிட முடிந்தால், சீரியல் விளக்கை யாரும் கேட்க மாட்டார்கள்.

டென்டிலிருந்து கடல் தெரியவில்லை. முன்னால் மூன்று மீட்டர் மணல்மேடு, அதன்மேல் அடம்புக் கொடி. மேட்டைக் கொஞ்சம் இறக்கினால் என்ன?
– வாசகர், தரங்கம்பாடி

இறக்காதீர்கள். சட்டப்படி மணல்மேட்டைச் சமப்படுத்துவதே குற்றம். சட்டத்தை விடுங்கள்: இலங்கையின் யாலாவில், கடல் தெரிவதற்காக முன்னாலிருந்த மணல்மேட்டை ஓரளவு அகற்றியிருந்த ஒரு விடுதியை 2004 ஆழிப்பேரலை அடியோடு அழித்தது. புயல் அலைக்கும் அதே கதைதான். உங்கள் கிணற்றுத் தண்ணீர் சேர்வதும் அந்த மேட்டுக்கு அடியில்தான்.

கடல் தெரிய வேண்டுமானால் மேட்டுக்குப் பின்னால் பனங்கட்டைகளால் இரண்டு மீட்டர் உயரப் பரண் ஒன்று கட்டுங்கள். கரைக்குப் போக ஒரே ஒரு பாதை போதும். ஆளுக்கொரு வழியாக ஏறினால் கொடி மிதிபட்டுச் செத்து, அந்த இடத்தில் காற்று மணலை வாரி மேட்டைப் பிளந்துவிடும். பாதையைத் தரையிலிருந்து 40–50 செ.மீ. உயரத்தில், 1.2 மீ. அகலத்தில், பலகைகளுக்கு இடையே 2 செ.மீ. இடைவெளி விட்டு அமையுங்கள். அடியில் கொடி படரும். நேர்கோட்டில் போடாமல் வளைத்து விடுங்கள். காற்றடிக்கும் திசைக்கு நேராகப் போட்டால் அது காற்றுக்கும் பாதையாகிவிடும்.

ஏற்கெனவே பிளந்த இடம் இருந்தால் ஒரு மீட்டர் உயரத்தில் பனையோலைத் தட்டி நடுங்கள். பாதிக்குப் பாதி இடைவெளி இருக்க வேண்டும். நெருக்கமாகக் கட்டினால் காற்று மோதிச் சுழன்று அடிமணலைப் பறிக்கும். தட்டியை மேட்டின் உச்சிப் பகுதியில் வையுங்கள், ஆமை ஏறும் சரிவில் வேண்டாம். ஐப்பசி மழை பிடித்ததும் அடம்பைக் கணுக்கள் மூன்று நான்கு உள்ள துண்டுகளாக வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு புதையும்படி அரை மீட்டருக்கு ஒன்றாக நடுங்கள். கடல் பக்கச் சரிவுக்கு ராவணன் மீசைப் புல். முள் குத்தும் என்பதால் மனிதர்களும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்; அதுவும் நல்லதுதான். சவுக்கை மேட்டின் முன்னால் நடாதீர்கள், அதன் சருகு மெத்தையில் வேறெதுவும் முளைக்காது. நிழலுக்குப் பின்புறத்தில் புன்னையும் பூவரசும் வையுங்கள்.

சோலாரில் முழு முகாமையும் ஓட்டலாமா?
– வாசகர், ராமநாதபுரம்

ஏ.சி. இல்லையென்றால் ஓட்டலாம். பன்னிரண்டு டென்டுக்கு மின்சாரம் குறைவாக இழுக்கும் 28 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி ஒன்பது மணி நேரம் ஓடினால் 3 யூனிட், விளக்குகளுக்கு 0.6, மோட்டாருக்கு அரை, ஃபிரிட்ஜுக்கு ஒன்று, போன் சார்ஜுக்கு 0.4. ஆக ஐந்தரை யூனிட். இரண்டு கிலோவாட் பேனல் நம் ஊரில் நாளுக்குச் சுமார் எட்டு யூனிட் தரும். இழப்பு போக ஆறுக்குமேல் கைக்கு வரும். மோட்டாரைப் பகலில் மட்டும் ஓட்டினால் 6–7 யூனிட் கொள்ளும் லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் பேட்டரி போதும்.

கெடுப்பது உப்புக் காற்று. போல்ட், நட் எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கடைக்காரர் வழக்கமாகத் தருவது 304, கடலோரத்தில் அது புள்ளி புள்ளியாகத் துருவேறும். எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் நைலான் வாஷர் போடுங்கள். பேனலை வாரம் ஒருமுறை விடியற்காலையில் நல்ல தண்ணீரால் துடையுங்கள்.

பிளாஸ்டிக் இல்லாமல் நடத்துகிறோம். ஆனாலும் நாய்களும் காக்கைகளும் குறையவில்லை.
– வாசகர், தூத்துக்குடி

அவை வருவது உணவுக் கழிவுக்கு. முப்பது பேர் சாப்பிட்டால் நாளுக்குச் சுமார் 10 கிலோ சேரும், மீன் குடலும் செதிலும் உட்பட. அந்தத் தொட்டியைச் சுற்றி வளர்கிற நாய்தான் மார்ச் மாதத்தில் ஆமைக்கூட்டைத் தோண்டுகிறது. ஒரு மீட்டர் நீள, அகல, உயரத்தில் மூன்று செங்கல் தொட்டிகள் கட்டிக் கம்பிவலை மூடி போடுங்கள். ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகோ தென்னை நார்க்கழிவோ. மீன் கழிவு எப்போதும் நடுவில், அதன்மேல் ஒரு சாண் உயரம் நார்க்கழிவு. வாரம் ஒருமுறை கிளறினால் ஒரு தொட்டி நிறைய ஒரு மாதம் ஆகும், மக்க இரண்டு மாதம். அதனால்தான் மூன்று தொட்டி. நாறினால் ஈரம் கூடிவிட்டது, சருகு சேருங்கள்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் குடிநீர் பாட்டில் இல்லை என்பதால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். 24 விருந்தினருக்கு நாளுக்கு 72 லிட்டர். ஸ்டீல் டிரம்மில் வைத்து நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீரின் டி.டி.எஸ். 500க்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. வேண்டாம், அது கழித்துத் தள்ளும் உவர்நீரை எங்கே விடுவது என்ற புதுத் தலைவலி வரும். வடிகட்டியும் யு.வி. விளக்கும் போதும்.

டென்ட் தற்காலிகம்தானே, கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி எதற்கு?
– வாசகர், நாகப்பட்டினம்

தற்காலிகக் கட்டுமானத்துக்கும் விதி உண்டு. 2019 அறிவிக்கையின்படி ஊரகக் கடற்கரை இரண்டு வகை. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் உயர் அலைக்கோட்டிலிருந்து (ஓதத்தின்போது கடல்நீர் ஏறும் மேல் எல்லை) 50 மீட்டர் வரை கட்டுமானத் தடை, அதற்குக் குறைந்தால் 200 மீட்டர். தடைப் பகுதியில் உடை மாற்றும் அறை, கழிப்பறை போன்ற தற்காலிக வசதிகளுக்கு மட்டும் இடமுண்டு, அதுவும் கோட்டிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி, அனுமதியோடு. உங்கள் புல எண் எந்த வகையில் வருகிறது, எந்த வரைபடம் நடைமுறையில் இருக்கிறது என்று மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவிடம் எழுத்தில் வாங்குங்கள். வலை காயப்போடவும் படகு ஏற்றவும் மீனவர்கள் பயன்படுத்தும் வழியை எந்த அனுமதி கிடைத்தாலும் அடைக்காதீர்கள்.

மழைக்காலத்தில் முகாமை அப்படியே விட்டு வைக்கலாமா?
– வாசகர், மரக்காணம்

வேண்டாம். அக்டோபர் பாதிக்குள் டென்டுகளை இறக்கி, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து மடியுங்கள். உப்போடு மடித்தால் ஜிப் இறுகிவிடும். மணலில் ஆணி நிற்காது என்பதால் சீசனில் டென்ட் கயிற்றை 60 செ.மீ. ஆழத்தில் புதைத்த மணல் மூட்டையில் கட்டியிருப்பீர்கள். அவை நெகிழி மூட்டைகளானால் ஒன்றுவிடாமல் எண்ணி எடுங்கள், அடுத்த ஆண்டிலிருந்து சணல் சாக்குக்கு மாறுங்கள். பேனல்களைக் கழற்றிக் கட்டடத்துக்குள் வையுங்கள். செப்டிக் டேங்க்கும் தரைத் தொட்டிகளும் நிரம்பியே இருக்கட்டும். கம்போஸ்ட் தொட்டியின் மேல் தார்ப்பாய் கட்டி, கிணற்று உறைக்கு மூடி போட்டு, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்கு உறையின் இணைப்புகளைச் சிமென்டால் பூசிவிடுங்கள். கரைக்குப் போகும் பலகைப் பாதையின் கடல்பக்கக் கடைசித் துண்டு கழற்றும்படி இருந்தால் அதையும் எடுத்து வைத்துவிடலாம்.